பதினாறாம் பக்கத்துக் கடைசிக் கட்டம்

பழுகாமம்
11.01.2025

டரல்,

'அன்புள்ள' என்று தொடங்கப் பேனை மறுக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுதப் போனேன், அந்தச் சொல்லையும் நீ கெடுத்து வைத்திருக்கிறாய்.

நேற்றுக் கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரம், கொழும்பிலிருந்து நம் படக்கதைப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி மின்னஞ்சலில் வந்தது. பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெருமையாகத் திறந்தேன். பதினைந்து பக்கமும் நாம் நினைத்தபடியே வந்திருந்தன. பதினாறாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அவள் வாயைத் திறக்கிறாள். அந்த வாய்க்குப் பக்கத்தில் ஒரு பேச்சுக்குமிழ். குமிழுக்குள் உன் அழகான கையெழுத்தில், "என்னை மன்னிச்சிருங்க."

யார் யாரை மன்னிப்பது? கதை உனக்கு மறந்துபோயிருக்கும், சொல்கிறேன் கேள். ஒரு புருசன் தன் புது மோட்டார் சைக்கிளுக்குக் கொட்டில் போடுவதற்காக, பெண்சாதி நட்டு வளர்த்த தேசிக்காய் மரத்தை அவளிடம் கேட்காமல் வெட்டிவிடுகிறான். அன்றோடு அவள் அவனோடு பேசுவதில்லை. அவனும் வீம்புக்குப் பேசவில்லை. விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அதனால்தான் பதினாறு பக்கத்திலும் ஒரு சொல் கிடையாது. அவர்களே பேசாதபோது நாம் யார் பேச? கடைசியில் மழைக்குள் அவன் ஒரு தேசிக் கன்றை நட்டு, சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள், பிறகு வாயைத் திறக்கிறாள். அவ்வளவுதான். என்ன சொல்கிறாள் என்பது வாசிக்கிறவர் வீட்டுச் சங்கதி.

மரத்தை வெட்டினவன் அவன். மன்னிப்புக் கேட்கிறவள் அவளா? எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் புருசனைப் பார்த்து 'மன்னிச்சிருங்க' என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாய்? தொலைக்காட்சி நாடகத்தில் கேட்டிருப்பாய்.

நான் போனில் கட்டம் கட்டமாகக் கதை சொல்ல, நீ காதில் வயரைச் செருகிக்கொண்டு, கடைப் பலகை எழுதுகிற ஏணியில் நின்றபடியே கேட்பாய். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம், விளங்குது" என்பாய். பிறகு உன் மனம்போல் செய்வாய். இனிப் போன் கிடையாது. உன் இலக்கத்தைத் தடுத்துவிட்டேன். சொல்வதை எழுத்தில் சொல். அந்த வசனத்தை எடுக்காமல் புத்தகம் அச்சுக்குப் போகக்கூடாது.

மேனுகா


மட்டக்களப்பு
18.01.2025

மேனுகாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஏறாவூரில் ஆமினா உம்மாவின் துணிக்கடைப் பலகைக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாதான் போன் பண்ணி, "மகன், பழுகாமத்தில இருந்து ஆரோ கலியாணக் காட் அனுப்பியிருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தால் காட் இல்லை, சாத்துப்படி.

நீ ஏசி முடித்துவிட்டாய். இப்போது நடந்ததைக் கேள். டிசம்பரில் பதிப்பகத்துக் கனகசிங்கம் ஐயா போன் பண்ணினார். "தம்பி, படமெல்லாம் அருமை. அட்டையில உங்கட பேரைப் போடுறம்" என்றார். எழுதினது மேனுகா, அவளுடைய பேர்தான் முதலில் வரவேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "எதை எழுதினவ? பதினாறு பக்கத்திலயும் ஒரு சொல்லுக் கிடையாதே. சொல்லில்லாத கதைக்கு எழுத்தாளர் எண்டு போட்டா வாசிக்கிற சனம் சிரிக்கும்."

நான் எவ்வளவோ சொன்னேன். நீ போனில் சொன்னது, நான் படம் கீறினது, நீ திருப்பிக் கீறச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதின பிரதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எங்கே இருக்கிறது? எல்லாம் காற்றோடு போன பேச்சு. கடைசியாக அவர், "ஒரு வசனமாவது இருந்தா 'கதை: மேனுகா' எண்டு போட எனக்கும் ஒரு நியாயம் இருக்கும்" என்றார். வசனத்தையும் அவரே சொன்னார். நான் எழுதினேன். ஒரு சொல்லைப் போட்டு உன் பெயரைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். நீ என்னை மரம் வெட்டினவனைப்போலப் பார்க்கிறாய்.

ஏன் உன்னிடம் கேட்கவில்லை என்று கேட்பாய். கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றிருப்பாய், பெயரும் போயிருக்கும். அதுதான் காரணம், வேறு மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் உனக்கு அனுப்பினேன். ஒவ்வொரு தரமும் "அவளுடைய கை உயரக்கூடாது", "மாட்டைத் தள்ளி வை", "இந்தக் கட்டம் அகலம் போதாது" என்று வந்தது. ஒருதரமாவது 'படம் நல்லாயிருக்கு' என்று சொன்னாயா? கை வலிக்கிறது என்றால் எண்ணெய் தேய்க்கச் சொன்னாய். நான் உன்னுடைய கை இல்லை, மேனுகா. என் தோளில் என் தலைதான் இருக்கிறது.

டரல்


பழுகாமம்
27.01.2025

டரல்,

மழையால் தபால் சுணங்கிவிட்டது. வயல் வட்டைக்குள் வெள்ளம் ஏறி வடிந்திருக்கிறது, நெல் தப்பிவிட்டது. அதனால் உன்னோடு சண்டை போட எனக்கு நேரமிருக்கிறது.

நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய் என்று நம்புகிறேன். அந்தப் புருசனும் கெட்டதை நினைத்து மரத்தை வெட்டவில்லை. மோட்டார் சைக்கிள் மழையில் நனையுமே என்று நினைத்தான். கேட்கவில்லை என்பதுதான் அவன் பிழை.

சொல்லில்லாத கதையில் எழுத்தாளருக்கு என்ன வேலை என்று கனகசிங்கம் ஐயா கேட்டாரே, அவருக்கு மூன்றாம் பக்கத்தைக் காட்டு. முதலில் நீ எப்படிக் கீறியிருந்தாய்? அவள் கூடையோடு கொல்லைப் பக்கம் திரும்புவதும், வெட்டுண்ட அடிமரமும் அடுத்தடுத்த கட்டங்களில், ஒரே பார்வையில் தெரிந்தன. நான் மாற்றச் சொன்னேன். அவள் திரும்புவது வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கட்டும், அடிமரம் தாளைப் புரட்டினபிறகு வரட்டும் என்றேன். வாசிக்கிறவருடைய கை அவளோடு சேர்ந்து திரும்பவேண்டும். மரம் இல்லை என்பதை அவளுக்கு முன்னால் நாம் பார்த்துவிடக்கூடாது. அந்தப் புரட்டலை எழுதியது யார்? அதை எந்தக் குமிழுக்குள் தேடுவார்?

குசினி யன்னலைத் திரும்பத் திரும்ப அதே அளவில் கீறச் சொன்னபோது "எனக்கு அலுக்குது" என்றாய். யன்னல் மாறாமல் இருந்தால்தான் அதற்குள் மாறுவது கண்ணில் படும். முதலில் இரண்டு சோற்றுத் தட்டு பக்கத்தில் பக்கத்தில். பிறகு ஒன்று மூடி வைத்திருக்கிறது. பிறகு மூடின தட்டின்மேல் அவன் கொண்டுவந்து வைத்த மீன் கோர்வை. அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் எழுதிய வசனம் அதுதான். எனக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கீறத் தெரியாது. ஆனால் அந்த மூடியை நான்தான் எழுதினேன்.

பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்துவிடாதே. வேண்டும். போன கிழமை அப்பா மாதிரிப் பிரதியை என் போனில் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலால் தள்ளிக்கொண்டு போய், "படமெல்லாம் அந்தப் பறங்கிப் பொடியன் கீறினது. நீ என்னகா செஞ்ச?" என்று கேட்டார். அப்பா கோணாமலை குத்திக்காட்டத் தெரியாதவர். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஆகவே பெயரும் வேண்டும், அந்த வாய்க்குப் பக்கத்தில் வெறும் மழையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தருவோம் என்றால் பெயர் போகட்டும், அவள் மன்னிப்புக் கேட்கக்கூடாது. ஆனால் சும்மா போக விடமாட்டேன். கனகசிங்கம் ஐயாவுக்கு நானே எழுதத் தொடங்கிவிட்டேன். பதில் வரும்வரை கிழமைக்கு ஒன்று போகும்.

மேனுகா


மட்டக்களப்பு
08.02.2025

மேனுகாவுக்கு,

நீ எழுதின மூன்றாம் பக்கத்துச் சங்கதியை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அது படம் கீறுறவர்ட வேலைதானே" என்றார். வசனத்தை எடுக்கலாம், எடுத்தால் பேரும் போய்விடும் என்கிறார். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் புத்தகம் வெளிவர வேண்டுமாம்.

இதை நீ வேறு யார் வாயிலாவது கேட்கிறதற்கு முன் நானே சொல்கிறேன். இதே வரிசையில் இன்னொரு சிறு கதையும் வேண்டுமாம், எட்டுப் பக்கம், அதிலும் சொல் இருக்கக்கூடாதாம். என்னைத் தனியாகச் செய்துதரச் சொன்னார். "மட்டக்களப்பெண்டா மீன் பாடவேணும் தம்பி" என்றார். வாவி மீன் பாடும் என்று ஊரெல்லாம் சொல்கிற அதே பழைய கதைதான். நான் ஓம் என்றுவிட்டேன்.

கோபப்படு. ஆனால் யோசித்தும் பார். அவர் சொல்வதுபோல இது முழுக்க என் வேலைதானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால் முடிந்தது என்று நேரே சொல்வேன். முடியாவிட்டால் அதையும் சொல்வேன்.

தங்கச்சி ஷெரில் இரண்டு நாளாக என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் உன் கட்சி.

டரல்


பழுகாமம்
14.02.2025

டரல்,

நல்லது. செய்.

கனகசிங்கம் ஐயாவிடமிருந்து எனக்கும் பதில் வந்தது. 'தங்கள் ஆதங்கம் புரிகிறது' என்று நான்கு வரி. ஆதங்கமாம். நான் அவரிடம் கேட்டது ஆறுதல் இல்லை. அடுத்த கடிதத்தை இன்றைக்கே போட்டுவிட்டேன்.

உன் மீனுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியுமா? அது தெரியாமல் முதல் கட்டத்தைக் கீறாதே. இதை உதவி என்று நினைத்துவிடாதே, நான் உதவி செய்யும் மனநிலையில் இல்லை. கடுதாசி வீணாகிறதே என்றுதான் சொன்னேன்.

மேனுகா


மட்டக்களப்பு
03.03.2025

மேனுகாவுக்கு,

இந்தக் கடிதம் நீளும். ஒரு பிளேன்டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்.

மீன் கதை முடிந்தது. எட்டுப் பக்கமும் கீறினேன். என் கையால் வந்த ஆகச் சிறந்த தண்ணீர் அதில்தான் இருக்கிறது. கல்லடிப் பாலத்தின் நிழல் வாவியில் விழுகிற கட்டத்தைப் பார்த்தால் நீயே வாயைப் பிளப்பாய். முடித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். உன் ஜொய்ஸ் அன்ரி எப்படிப் பார்ப்பாள் என்று உனக்குத் தெரியுமே, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, விரலை நாக்கில் தொட்டு. எட்டுப் பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள், "மகன், இந்த மீன் ஏன் அழுதுகொண்டு நிக்குது?"

அம்மா, அது பாடுகிறது என்றேன்.

"ஆருக்கு?"

அப்போதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்தது. அந்த மீனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அது ஒன்றும் வேண்டாத மீன். இரண்டாம் பக்கத்தில் பாலத்தடியில் நிற்கிறது, மூன்றாம் பக்கத்தில் முகத்துவாரத்தில் நிற்கிறது, ஏன் போனது என்று கீறினவனுக்கே தெரியாது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். சேர்த்துப் பார்த்தால் கதை இல்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் நீ ஏதாவது கேட்பாய். 'இப்போது அவளுக்கு என்ன தெரியும்? வாசிக்கிறவருக்கு என்ன தெரியும்? எதை இன்னும் ஒளித்து வைத்திருக்கிறோம்?' எனக்கு அது தலையிடியாக இருந்தது. இந்த எட்டுப் பக்கத்திலும் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகக் கீறினேன். அதுதான் இந்த லட்சணத்தில் வந்திருக்கிறது.

பிறகு இன்னொரு வேலை செய்தேன். நம் பதினாறாம் பக்கத்து மூலப் படத்தை எடுத்து, குமிழின்மேல் வெள்ளை பூசி, மேலே மழையைக் கீறினேன். அதற்குமுன் குமிழோடு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். கதை முழுவதையும் கொடுத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு விதமாகவும் ஆட்களிடம் காட்டிப் பார்த்தேன்.

வசனத்தோடு பார்த்தவர்கள் எல்லோரும், "ஆ, மன்னிப்புக் கேக்கிறா. நல்லது" என்று மூடிவைத்துவிட்டார்கள். திரும்ப ஒரு தரம் ஒருவரும் திறக்கவில்லை.

வசனம் இல்லாததை முதலில் ஓட்டோக்காரன் றிப்ஷானிடம் காட்டினேன். அவள் என்ன சொல்லுறா என்று கேட்டேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. "'நாளைக்கே அந்தக் கொட்டிலக் கழட்டுங்க' எண்டுதான். எண்ட வீட்டுக்காரியும் அப்பிடித்தான் சொல்லுவா."

ஆமினா உம்மா கடையில் துணியை மடித்துக்கொண்டே பார்த்தா. பார்த்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனா. மறுபடி கடைசிக்கு வந்தா. "அவள் ஒண்டும் சொல்லமாட்டாள் மனே. இவ்வளவு நாளைக்குப் பிறகு வாயத் திறந்தாளே, அது காணும், வேறென்ன வேணும்" என்றா.

அம்மாவிடம் கடைசியாகக் கொடுத்தேன். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "'மல்கம், உள்ளுக்கு வா, காய்ச்சல் வரப்போகுது' எண்டு சொல்லுறா" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்பா போய் ஆறு வருடமாகிறது. மழைக்குள் நின்று பலகை இழைத்துவிட்டு ஏச்சு வாங்குவது அவர் வழக்கம்.

மேனுகா, அந்த வாய்க்குப் பக்கத்தில் நீ விட்ட இடம் வெறும் இடம் இல்லை. அதில் என் அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். நான் போய் அதில் நாடக வசனத்தை எழுதினேனே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மீன் கதையையும், மழை பூசின பதினாறாம் பக்கத்து நகலையும் கனகசிங்கம் ஐயாவுக்கு அனுப்பியாகிவிட்டது. கூடவே ஒரு வரி எழுதினேன்: 'முதலாவதற்கு எழுத்தாளர் இருந்தார். இரண்டாவதற்கு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.' அட்டையில் மேனுகா இல்லாவிட்டால் டரலும் இல்லை என்றும் எழுதினேன். மூலப் படங்கள் என் அலுமாரியில் இருக்கின்றன. அவரும் வீம்பு பிடித்தால் அவை அங்கேயே இருக்கட்டும்.

மழைப் பக்கத்தின் நகல் ஒன்றை இதோடு உனக்கும் வைத்திருக்கிறேன். இப்போதாவது சொல். அவள் என்ன சொல்கிறாள்?

டரல்


பழுகாமம்
11.03.2025

டரல்,

அறுவடை தொடங்கிவிட்டது. வெட்டு இயந்திரம் எங்கள் முறைக்கு வரும்வரை வட்டை வரம்பில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். தாளில் வைக்கோல் தூசு இருக்கும், தட்டிவிட்டு வாசி.

உன் கடிதத்தைப் பல தரம் வாசித்துவிட்டேன். ஜொய்ஸ் அன்ரி சொன்னதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. கந்தோரில் வைத்து வந்ததால் தும்மல் என்று சமாளித்தேன்.

நீ உன் மனத்தாங்கலைச் சொன்னதற்கு நான் பதில் எழுதவேயில்லை. இப்போது எழுதுகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் அவள் கிணற்றடியில் குனிந்து நிற்கிறாள். அவன் பின்னால் நடந்து போகிறான். அவள் திரும்பக்கூடாது என்றுதான் நான் சொன்னேன். நீ அவளுடைய ஒரு தோளை மட்டும் கொஞ்சம் உயர்த்தியிருந்தாய். அவன் போகிறது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தத் தோள் சொல்கிறது. அது நான் சொன்னதில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை. பார்த்த அன்று அதை மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன், இன்னும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் மாட்டைத் தள்ளி வைக்கச் சொன்னேன். படம் நல்லாயிருக்கு, டரல். எல்லாப் பக்கமும் நல்லாயிருக்கு.

இனி மற்றது. படங்களை அலுமாரியில் பூட்டி வைக்க நீ யார்? அவை உன்னுடையவை மட்டுமில்லை. அட்டையில் என் பெயர் இல்லாவிட்டாலும் புத்தகம் வரவேண்டும். ஆனால் என் பெயர் இல்லாமல் வர நான் விடப்போவதுமில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உனக்கு விளங்கும். கனகசிங்கம் ஐயாவுக்கு இந்தக் கிழமைக் கடிதத்தோடு பதினாறு பக்கத்துக்குமான எழுத்துப் பிரதியை அனுப்பினேன். போனில் உன்னிடம் சொன்னதையெல்லாம், ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், எதைக் காட்டுவது, எதைக் காட்டக்கூடாது என்று, முதலாம் பக்கத்திலிருந்து உட்கார்ந்து எழுதினேன். கை வலித்தது. எண்ணெய் தேய்த்தேன்.

நீ அனுப்பின மழைப் பக்கத்தை நேற்று அப்பாவிடம் கொடுத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்து, பிறகு தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்: "கன்ற இன்னும் கொஞ்சம் இஞ்சால தள்ளி நடச் சொல்லுறா. அதில நட்டா வேர் ஓடாது."

ஆர் சொல்லுறா என்று கேட்டேன்.

"இவள்தான். வாயத் திறக்கிறாளே." பிறகு தாளை மறுபடி பார்த்தார். அதில் ஒரு எழுத்தும் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். "அப்ப இதத்தானா நீ செஞ்ச?"

ஓம் அப்பா, இதைத்தான் என்றேன்.

தாளை மடிக்காமல் எடுத்துப்போய் மெத்தைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்கு எந்த அட்டையிலும் இதைவிடப் பெரிய எழுத்தில் பெயர் போட முடியாது. ஆனாலும் அட்டையில் வேண்டும். விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று கனகசிங்கம் ஐயாவிடம் சொல்லிவிடாதே.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது இல்லை. இயந்திரம் வந்துவிட்டது.

மேனுகா


மட்டக்களப்பு
20.03.2025

மேனுகாவுக்கு,

நேற்றுக் கனகசிங்கம் ஐயா போன் எடுத்தார். முதலில் மீன் கதையைப் பற்றித்தான் கேட்டார். "தம்பி, ரெண்டாம் பக்கத்துக்கும் மூண்டாம் பக்கத்துக்கும் நடுவில என்ன நடந்தது? எனக்கு விளங்கேல்ல. முதல் கதையில இப்பிடி ஒரு இடத்திலயும் தட்டுப்படேல்லயே."

முதல் கதையில் அதைக் கேட்கிறதற்கு ஒருத்தி இருந்தாள் என்றேன்.

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பெருமூச்சு விட்டார். "அந்தப் பிள்ளை கிழமைக்கு ஒரு கடிதம் போடுது. கந்தோர்க் கடிதம் மாதிரி 'எனது முந்திய கடிதம் தொடர்பாக' எண்டு தொடங்குது. இப்ப ஒரு கட்டுத் தாளும் வந்திருக்கு. அதையும் படத்தையும் பக்கத்தில வச்சு வாசிச்சன். யன்னலுக்குள்ள அந்த மூடின தட்டு... அத நான் முதல்ல கவனிக்கவேயில்ல, தம்பி" என்றார்.

குமிழ் போய்விட்டது. அட்டையில் 'கதை' என்று போடவா என்று கேட்டார். நான் 'எழுத்து' என்று போடச் சொன்னேன். சொல்லில்லாத புத்தகத்தில் எழுத்தா என்று கேட்டார். ஓம், எழுத்துத்தான் என்றேன். இதையும் உன்னிடம் கேட்காமல்தான் சொல்லிவிட்டேன். பிழையென்றால் இப்போதே எழுது, மாற்றலாம்.

மீன் கதையைத் திருப்பி வாங்கிவிட்டேன். நல்ல தண்ணீர் அது, வீணாக்க மனமில்லை. அந்த மீனுக்கு என்ன வேண்டும் என்று நீ கண்டுபிடித்துச் சொன்னால் திரும்பவும் முதலிலிருந்து கீறுகிறேன்.

ஷெரில் என்னோடு பேசுகிறாள். நீதான் இன்னும் பாக்கி.

டரல்


பழுகாமம்
11.04.2025

அன்புள்ள டரல்,

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் 'எழுத்து: மேனுகா கோணாமலை, படம்: டரல்' என்று இருக்கிறது. 'எழுத்து' சரிதான், மாற்றவேண்டாம். ஆனால் அடுத்தமுறை கேள்.

அப்பா புத்தகத்தைப் புதுவருட உடுப்புகளோடு சேர்த்துச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டார். எனக்கே எடுத்துப் பார்க்க வருடம் பிறக்கும்வரை அனுமதி இல்லை.

மீனைப் பற்றி யோசித்தேன். அதற்குப் பாட வேண்டியதில்லை. ஊரெல்லாம் அதைப் பாடச் சொல்லித் தொல்லைப்படுத்துகிறது, அதற்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அங்கேதான் கதை தொடங்குகிறது. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

நம் கதையில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். அவள் வாயைத் திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பதினாறு பக்கம் பிடித்தது.

இனி ஒரு அரைப் பக்கம் எழுதித் தருகிறேன். இது போனில் சொன்னதில்லை, தாளில் எழுதினது. ஆகவே மாற்றாதே.

கட்டம் ஒன்று. அகலக் கட்டம். பழுகாமம், அறுத்து முடிந்த வட்டை. வரம்பில் ஒருத்தி நிற்கிறாள், கையில் போன். பெருவிரல் ஒரு இலக்கத்தின் தடையை எடுக்கிறது.

கட்டம் இரண்டு. சின்னக் கட்டம். மட்டக்களப்பில் ஒரு கடைப் பலகைக்கு முன்னால் ஏணி. ஏணியில் ஒருவன். அவனுடைய காற்சட்டைப் பைக்குள் போன் அடிக்கிறது. கையெல்லாம் பெயின்ட்.

கட்டம் மூன்று. அவன் போனைக் காதில் வைத்திருக்கிறான். வாயைத் திறக்கிறான்.

குமிழ் போடாதே.

மேனுகா